சுழலும் ராட்டினங்களில் பிள்ளைகளை ஏற்றி, கட்டி, இறக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் கோயில் திருவிழாக் காலங்களிலும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய விடுமுறையிலும் கடற்கரைக்கு அண்மையில் உள்ள வெளிகளில் ராட்டினங்கள் வந்து நிற்கின்றன. ராட்டினத்தை இயக்குபவர் அதன் உரிமையாளரோடு வந்தவராக இருப்பார். ஆனால் பிள்ளைகளைத் தூக்கி இருத்திப் பட்டியைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் நம் ஊர் இளைஞர்களும் விழாக்குழுத் தொண்டர்களும்தான். அவர்களோடு பல ஆண்டுகள் நின்று வேலை செய்தவன் என்ற முறையில், புதிதாக வருபவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படுவது நான்கு வகை ராட்டினங்களுக்குப் பொருந்தும்: சங்கிலியில் கதிரை தொங்கும் ராட்டினம், குதிரை ராட்டினம், கிண்ணங்கள் சுழலும் கப் சோசர், இருவர் அருகருகே அமரும் பெட்டி வைத்த ராட்டினம். மேலும் கீழும் சுற்றும் பெரிய ராட்டினத்துக்கு வேறு விதிகள் உண்டு. அதை இங்கே சேர்க்கவில்லை.

வேலையின் ஒழுங்கு இதுதான்: முதலில் தகுதி, பிறகு இடம், பிறகு இருப்பு, பிறகு பட்டி, பிறகு மடிக்குக் குறுக்கே இறங்கும் கம்பி, கடைசியில் கையால் இழுத்துப் பார்த்தல். புதியவர்கள் அநேகமாகப் பட்டியில் தொடங்குகிறார்கள். பட்டியைக் கட்டி முடித்த பிறகு பிள்ளை சிறியவன் என்று தெரிந்தால், வரிசையில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவனை இறக்கிவிட மனம் வருவதில்லை. பிழைகளில் பாதி அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

90 சென்ரிமீற்றரிலும் 120 சென்ரிமீற்றரிலும் நிறம் அடித்துக் கோடிட்ட ஒரு தடி, ஒரு ரசமட்டம், ஒரு டார்ச், மணல் தட்டுவதற்குக் காய்ந்த பெயின்ற் தூரிகை ஒன்று, ஒரு வாளி நல்ல தண்ணீரும் துணியும், நான்கைந்து சிவப்புத் துணித் துண்டுகள், ஒரு விசில், ஒரு கொப்பி. இவ்வளவும் வாயிற்படிக்குப் பக்கத்தில் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும்.

ராட்டினத்தைச் செய்த நிறுவனத்தின் கையேடு இருந்தால், அதில் உள்ள குறைந்த உயரம், ஒரு கதிரைக்குரிய அதிகூடிய எடை, சுற்றும் வேகம், காற்றின் எல்லை ஆகிய நான்கையும் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டறையில் ஒட்டிச் செய்த ராட்டினத்துக்குக் கையேடு இராது. அப்படியானால் அந்த நான்கையும், பட்டிகள் கடைசியாக மாற்றப்பட்ட திகதியையும், உரிமையாளர் கைப்பட எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். எழுத மறுக்கும் ராட்டினத்தில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு விழாக்குழு இடம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கேளிக்கைச் சவாரிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 17842 என்ற சர்வதேச நியமம் வடிவமைப்பு, இயக்கம், சோதனை என்று மூன்று பகுதிகளாக இருக்கிறது. இயக்குகிறவருக்கும் தனிக் கடமை உண்டு என்பதை அந்தப் பிரிப்பே காட்டுகிறது.

ஆட்கள் குறைந்தது மூவர் வேண்டும்: சுவிட்சில் ஒருவர், கட்டுவதற்கு ஒருவர், கட்டியதை மறுபடி சோதிக்க ஒருவர். கட்டியவரே சோதித்தால், தான் சரியாகத்தான் கட்டினேன் என்ற நினைப்பு கண்ணை மறைத்துவிடும்.

அம்புலன்ஸ் உள்ளே வரும் வழியை முன்னேற்பாடாகவே பார்த்து வையுங்கள். மாலையில் கச்சான் கடைகளும் ஐஸ்கிறீம் வண்டிகளும் வந்து நின்ற பிறகு அந்த வழி அடைபட்டுவிடும்.

2. சுழற்சி எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை அறிதல்

இதை விளங்கிக்கொள்ளாமல் கட்டுகிறவர், எந்தப் பட்டி எதைத் தடுக்கிறது என்று தெரியாமலே கட்டுகிறார். சுற்றும்போது பிள்ளையின் உடல் நேர்கோட்டில் போகப் பார்க்கிறது. கதிரை அதை வளைவுக்குள் இழுக்கிறது. அதனால் பிள்ளைக்குத் தன்னை யாரோ வெளிப்பக்கம் தள்ளுவது போலத் தெரிகிறது.

மையத்திலிருந்து 3 மீற்றர் தூரத்தில் 20 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 10 சுற்று என்றால், வெளிப்பக்கத் தள்ளல் ஏறத்தாழ 7 கிலோ பாரத்துக்குச் சமம். 15 சுற்றில் அது 15 கிலோ. 20 சுற்றில் 27 கிலோ, அதாவது பிள்ளையின் சொந்த எடையை விடக் கூட. வேகம் இரு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்காகிறது என்பதால்தான் "கொஞ்சம் வேகமாக விடுங்கோ" என்று கூட்டத்திலிருந்து வரும் குரலுக்குச் சுவிட்சில் நிற்பவர் செவிசாய்க்கக் கூடாது.

சங்கிலிக் கதிரையில், கதிரையும் வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொள்கிறது. ஓட்டத்தின் நடுவில் தள்ளல் பிள்ளையைக் கதிரைக்குள்ளேயே அழுத்துகிறது. ஆபத்து அதிகம் இருப்பது புறப்படும்போதும் நிற்கும்போதும், பிள்ளை முறுக்கித் திரும்பிப் பக்கத்துக் கதிரையைப் பிடிக்கும்போதும்தான். அங்கே இரு தொடைகளுக்கும் நடுவே வந்து, முன்பக்கம் சறுக்காமல் தடுக்கும் கவட்டுப் பட்டிதான் உயிர்நாடி.

குதிரை ராட்டினத்தில் வேகம் குறைவு. ஆனால் பிள்ளைக்குப் பக்கச் சுவர் எதுவும் இல்லை, இருப்பும் உயரம். விழுந்தால் வெளிப்பக்கம்தான் விழும்.

கப் சோசரில் தட்டு ஒரு பக்கமும் கிண்ணம் இன்னொரு பக்கமும் சுற்றுவதால், தள்ளல் கணத்துக்குக் கணம் திசை மாறும். இரண்டும் ஒன்றுசேரும் வேளையில் திடீரெனக் கூடும். சிறு பிள்ளையின் தலை, உடலின் அளவுக்குப் பாரம் கூடியது. கழுத்துத் தசை பலம் குறைந்தது. முதுகும் தலையும் சாய்மனையோடு இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது அதனால்தான்.

3. முதல் பிள்ளை ஏறுமுன் செய்யும் சோதனை

நிலத்திலிருந்து தொடங்குங்கள். கடற்கரை மணலில் ராட்டினத்தின் கால்களுக்குக் கீழே வைத்த மரக்கட்டைகள் ஒரே இரவில் ஒரு விரல் ஆழம் இறங்கக்கூடும். மாரி மழைக்குப் பிறகு இன்னும் கூடுதலாக இறங்கும். நடுத்தண்டின் அடியில் ரசமட்டத்தை இரு திசையாக வைத்துப் பாருங்கள். தட்டு சரிந்திருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பாரம் ஒரு பக்கத்துச் சங்கிலிகளிலேயே கூடுதலாக விழும்.

அடுத்தது உப்பு. நம் கடற்காற்றில் இரும்பு எவ்வளவு விரைவில் கெடும் என்பது வெளியூரிலிருந்து வரும் ராட்டினக்காரருக்குச் சில வேளை தெரிவதில்லை. கதிரைச் சங்கிலியின் மேல் முனையில், கொளுவி சேரும் வளையத்தைப் பெருவிரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு மட்டும் வந்தால் நல்ல தண்ணீரில் துடைக்கலாம். விரலில் செம்மண் நிறம் படிந்து, வளையம் உள்வளைவில் தேய்ந்து மெலிந்திருந்தால், அந்தக் கதிரையைச் சிவப்புத் துணியால் கட்டி மூடிவிடுங்கள். ஒவ்வொரு சங்கிலிக் கொளுவியிலும், அது கழலாமல் தடுக்கும் கொட்டர் பின் (இரு கால் உள்ள ஊசி) இருக்கிறதா, அதன் இரு கால்களும் விரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பின் இருக்க வேண்டிய இடத்தில் ஆணியோ கட்டுக் கம்பியோ இருந்தாலும் அந்தக் கதிரை மூடப்பட வேண்டியதுதான்.

பட்டியை வளைத்து, வளைவின் மேற்பக்கத்தைப் பாருங்கள். நூல் பஞ்சாகக் கிளம்பியிருந்தாலோ, ஓரம் வெட்டுப்பட்டிருந்தாலோ, தையல் விட்டிருந்தாலோ, வெயிலில் வெளிறி விறைத்துப் போயிருந்தாலோ அது மாற்றப்பட வேண்டும். முடிச்சுப் போட்டு நீளம் குறைத்த பட்டியை ஏற்கவே கூடாது. முடிச்சு விழுந்த இடத்தில் பட்டியின் பலம் வெகுவாகக் குறைகிறது.

பட்டியைப் பூட்டும் கொளுவியைப் பற்றி ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். பிரெட்றிக் கோட்டை வாசலை அடுத்த கடற்கரைப் பக்கம் ஒருமுறை வேலை செய்தபோது, ஒரு கதிரையின் பட்டி "கிளிக்" என்று சத்தத்தோடு பூட்டியது. அந்தச் சத்தத்தை நம்பி அடுத்த கதிரைக்குப் போயிருந்தேன். சோதிக்க வந்த இளைஞர் பட்டியை ஒரு கையால் இழுத்தார்; நாக்கு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கொளுவியைக் கவிழ்த்துத் தட்டியபோது, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மணல் கொட்டியது. பல்லுக்கு அடியில் மணல் இருந்ததால் அது பாதி மட்டுமே இறங்கியிருந்தது. பிள்ளைகளின் காலிலும் காற்சட்டையிலும் ஒட்டி வரும் மணல் அது. எனவே காலையில் ஒருமுறையும், பிறகு பத்து ஓட்டங்களுக்கு ஒருமுறையும் ஒவ்வொரு கொளுவியையும் கவிழ்த்துத் தட்டித் தூரிகையால் துடைக்க வேண்டும். எண்ணெய் விடாதீர்கள், எண்ணெயில் மணல் இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும்.

வேலியையும் மறக்க வேண்டாம். சங்கிலிக் கதிரை ஓடும்போது வெளிப்பக்கமாக விரிகிறது. நிற்கும் கதிரையை வைத்து வேலியின் தூரத்தைக் கணக்கிட்டால், ஓடும்போது பிள்ளையின் கால் வேலியில் நிற்பவரின் முகத்துக்கு எட்டும். வெறுமையாக ஓடவிட்டு, கதிரை விரியும் எல்லையைப் பார்த்து, அதிலிருந்து ஒரு வளர்ந்தவரின் நீட்டிய கைக்கு மேலான தூரத்தில் வேலியை நிறுத்துங்கள்.

அந்த வெறும் ஓட்டத்திலேயே அவசர நிறுத்தத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்திய பிறகும் எத்தனை சுற்று ஓடி நிற்கிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கை நேற்றையதை விடக் கூடியிருந்தால் பிறேக் தேய்ந்திருக்கிறது.

4. தகுதியை டிக்கெட் எடுக்குமுன் முடிவு செய்தல்

தடி டிக்கெட் மேசைக்கு முன்னே நிற்க வேண்டும், ராட்டினத்தின் வாயிலில் அல்ல. காசு கொடுத்து வரிசையில் நின்ற பிறகு மறுத்தால் பிள்ளை அழும், பெற்றோர் கோபப்படுவர், அந்த நெருக்கடியில் தொண்டர் இளகிவிடுவார்.

வயதைக் கேட்காதீர்கள், உயரத்தை அளவிடுங்கள். கம்பிக்கும் பட்டிக்கும் வயது தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 5 வயதுப் பிள்ளையின் இடைநிலை உயரம் ஏறத்தாழ 110 சென்ரிமீற்றர், 7 வயதில் ஏறத்தாழ 121. நம் ஊரில் 8 வயதாகியும் 115 சென்ரிமீற்றரில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கையேடு இருந்தால் அதில் உள்ள எல்லையே எல்லை. இல்லாத இடத்தில் நான் கைக்கொள்ளும் அளவு இது: 90 சென்ரிமீற்றருக்குக் குறைந்தவர் எந்தச் சுழலும் ராட்டினத்திலும் ஏறுவதில்லை, 90 முதல் 120 வரை உள்ளவர் குதிரை ராட்டினத்திலும் மெதுவாக ஓடும் பெட்டிகளிலும் ஒரு பெரியவரோடு மட்டும், சங்கிலிக் கதிரையிலும் கப் சோசரிலும் 120க்கு மேல். செருப்பைக் கழற்றி, குதிக்கால் நிலத்தில் பட நின்று அளக்க வேண்டும். நுனிக்காலில் எட்டி நிற்பது பிள்ளைகளின் இயல்பு.

உயரம் போதுமானாலும், கையில் பிளாஸ்ரர் போட்டிருப்பவர், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்தவர், வலிப்பு வரும் பிள்ளை, நிமிர்ந்து இருக்கும்படி சொன்னால் விளங்கிக்கொள்ள முடியாத பிள்ளை ஆகியோரை ஏற்றக் கூடாது. ஏற்கெனவே பயந்து அழும் பிள்ளையை "ஏறினால் பயம் போயிடும்" என்று ஏற்றுவதும் பிழை. ஓட்டத்தின் நடுவில் பட்டியைக் கழற்றி இறங்கப் பார்ப்பது அப்படிப்பட்ட பிள்ளைதான்.

மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "தம்பி, இவன்ர அக்கா ஏறினவள். இவன் மட்டும் எப்பிடிக் கீழ நிக்கிறது?" நான் சொன்னது: "அக்கா, இந்தத் தடிக்கு இவர் இன்னும் எட்டேல்ல. இதில பட்டி இவரைப் பிடிக்காது. குதிரையில ஏத்துங்கோ, நீங்களும் பக்கத்தில நில்லுங்கோ, உங்களுக்குக் காசு வேண்டாம்." காரணத்தையும் மாற்று வழியையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

5. வரிசையில் நிற்கும்போதே பார்க்க வேண்டியவை

சால்வை, துப்பட்டா, முந்தானை, நீளப் பின்னல் ஆகியவை சங்கிலியிலும் அச்சிலும் சிக்கும். சால்வையைக் கழற்றித் துணைக்கு வந்தவரிடம் கொடுக்கச் செய்யுங்கள். கழற்ற முடியாத முக்காட்டின் நுனியைச் சட்டைக்குள் செருகுங்கள். பின்னலைக் கொண்டையாகச் சுற்றிக் கட்டுங்கள். றப்பர் செருப்பும் கையில் உள்ள விளையாட்டுப் பொருளும் கீழேயே இருக்கட்டும். செருப்புக் கழன்று விழுந்தால், அதைப் பிடிக்கப் பிள்ளை குனியும்.

வாயில் இனிப்போ கச்சானோ இருந்தால் விழுங்கும்வரை காத்திருங்கள். சுழலும்போது மூச்சுக்குழாயில் அடைத்தால் எவரும் உடனே எட்ட முடியாது.

ஆடி மாதத்து நண்பகல் வெயிலில் இரும்புக் கொளுவியும் பைபர் கதிரையும் தொடையைச் சுடும். சுட்ட பிள்ளை பட்டியிலிருந்து விலகி நெளியும், பட்டி தளரும். ஈரத் துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் மிஞ்சினால் வழுக்கும்.

6. யாரை எங்கே இருத்துவது

இருவர் அமரும் பெட்டியில் சிறியவர் உட்பக்கம், அதாவது மையத்தை ஒட்டிய பக்கம், பெரியவர் வெளிப்பக்கம். தள்ளல் எப்போதும் வெளியே என்பதால், உட்பக்கம் அமர்ந்த பெரியவர் சறுக்கி வந்து பிள்ளையைப் பெட்டியின் சுவரோடு நெருக்குவார். முன்பு சொன்ன 3 மீற்றர், 15 சுற்றுக் கணக்கில் 70 கிலோ பெரியவர் 50 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தோடு பிள்ளையின் விலாவில் சாய்வார். புதியவர்கள் இதை மாற்றிச் செய்வதை நான் எண்ணிலடங்காத தடவை பார்த்திருக்கிறேன், ஏனென்றால் ஏறும் வாயில் வெளிப்பக்கம் இருப்பதால், முதலில் ஏறும் பெரியவர் இயல்பாகவே உள்ளே நகர்ந்து அமர்ந்துவிடுகிறார். பிள்ளையை முதலில் ஏற்றுங்கள். இது தானாகவே சரியாகிவிடும்.

குதிரையில் சிறு பிள்ளையை உள்வரிசைக் குதிரையிலேயே இருத்தி, துணைக்கு வரும் பெரியவரை அதன் வெளிப்பக்கத்தில், இரு வரிசைகளுக்கும் நடுவே, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கச் செய்யுங்கள். பிள்ளை சரிந்தால் அவருடைய உடம்பிலேயே சரியும்.

கைக்குழந்தையை மடியில் வைத்து ஏறுவதை எந்த ராட்டினத்திலும் அனுமதிக்கக் கூடாது. தள்ளல் வரும் கணத்தில் தாயின் கைகளே அவரைத் தாங்கத் தேவைப்படும். குழந்தைக்கு மிஞ்சுவது எதுவும் இல்லை.

ஆட்கள் குறைவாக இருந்தால் எதிரெதிரே இருத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் பாரம் விழுந்தால் நடுத்தண்டும் அதன் பெயாரிங்கும் சரிந்து தேயும்.

7. இருத்திக் கட்டும் ஒழுங்கு

முதலில் முதுகு. பிள்ளையின் இடுப்பின் பின்பக்கம் கதிரையின் மூலையில் போய் முட்டும்வரை பின்னே தள்ளி இருத்துங்கள். இப்போது முழங்கால் கதிரையின் விளிம்பில் மடிகிறதா என்று பாருங்கள். மடியாமல் கால் நீட்டி நின்றால், ஓட்டம் தொடங்கியதும் பிள்ளை கால் மடிய வேண்டும் என்பதற்காக முன்னே நகரும். நகர்ந்தால் பட்டி வயிற்றுக்கு ஏறும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்தக் கதிரை பெரிது. உயரம் சரியாக இருந்தாலும் இறக்கிவிட வேண்டும்.

இரண்டாவது கவட்டுப் பட்டி. இது இரு தொடைகளுக்கும் நடுவே வந்து இடுப்புப் பட்டியோடு சேர்வது. இடுப்புப் பட்டியை முதலில் பூட்டிவிட்டால், அவசரத்தில் கவட்டுப் பட்டி கதிரைக்கு அடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், எவரும் கவனிப்பதில்லை. பிள்ளை பட்டிக்குக் கீழால் வழுகிப் போவதைத் தடுப்பது இந்த ஒன்றுதான்.

மூன்றாவது இடுப்புப் பட்டி. இது வயிற்றின் மேல் அல்ல, தொடை தொடங்கும் இடத்தில், இடுப்பெலும்பின் மேல் கிடக்க வேண்டும். வயிற்றில் கிடக்கும் பட்டி, திடீரென நிற்கும்போது ஈரலையும் குடலையும் அழுத்தும். எலும்பு தாங்கும் பாரத்தை அவை தாங்கா. பட்டிக்கும் உடம்புக்கும் இடையே உங்கள் இரு விரல்கள் தட்டையாகப் போகலாம், அதற்கு மேல் போகக் கூடாது. பிள்ளை மூச்சை இழுத்து வயிற்றை உப்பி வைத்திருந்தால் அளவு பிழைக்கும்; பெயரைக் கேளுங்கள், பதில் சொல்லும்போது மூச்சு வெளியேறும், அப்போது இறுக்குங்கள். முறுக்கு விழுந்திருந்தால் நிமிர்த்துங்கள். முறுக்கிய பட்டி கயிறாக வெட்டும்.

நான்காவது கம்பி. தனித்தனிக் கம்பி உள்ள பெட்டியில், அது தொடையில் படும்வரை இறக்கிப் பூட்டுங்கள். இருவருக்கும் ஒரே கம்பி உள்ள பெட்டிதான் மிகவும் ஏமாற்றுவது. அங்கே கம்பி பெரியவரின் தொடையில் தட்டி நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் கம்பிக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும்.

அப்படி ஒரு பெட்டியில், பருத்த உடம்புள்ள தகப்பனோடு நாலு வயது மகன் ஏறினான். கம்பி பூட்டியிருந்தது, தகப்பன் அதை அசைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே என் கை முழங்கைவரை போய்வர இடமிருந்ததை நான் கண்டது ராட்டினம் அசைந்த பிறகுதான். இரண்டாம் சுற்றில் பிள்ளை சறுக்கி, கம்பி அவனுடைய நாடிக்குக் கீழே வந்து நின்றது. கூடுதல் வேகம் எடுக்கவில்லை என்பதால் நிறுத்தி எடுத்தோம். அவனுடைய கழுத்தில் கிடந்த சிவந்த கோட்டை இன்றும் மறக்கவில்லை. ஒற்றைக் கம்பி மட்டும் உள்ள பெட்டியில், பிள்ளைக்குத் தனிப் பட்டி இல்லாவிட்டால், சிறியவரையும் பெரியவரையும் சேர்த்து ஏற்றுவதை அன்றிலிருந்து நான் அனுமதிப்பதில்லை. ஒத்த உடம்புள்ள இருவர் ஏறலாம்.

கடைசியில் கைகள். எதைப் பிடிக்க வேண்டும் என்று பிள்ளையின் கையை எடுத்து அந்த இடத்தில் வையுங்கள். "கெட்டியாப் பிடி" என்று வாயால் மட்டும் சொன்னால், பட்டியின் கொளுவியையே பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

8. மறுசோதனையும் சமிக்ஞையும்

இரண்டாமவர் ஒவ்வொரு கதிரையிலும் மூன்று செயல்களைக் கையால் செய்ய வேண்டும்: கொளுவிக்குப் பக்கத்தில் பட்டியைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தல், கம்பியை மேலே தள்ளுதல், கவட்டுப் பட்டியைத் தொட்டுப் பார்த்தல். கண்ணால் பார்த்துக்கொண்டு நடந்து போவது சோதனை ஆகாது. மணல் அடைத்த கொளுவியும் கண்ணுக்குப் பூட்டியதாகவே தெரிந்தது.

சுற்றி வரும்போது ஏறியவர்களை எண்ணுங்கள். பிறகு வேலிக்கு உள்ளே எவரும் நிற்கவில்லை என்று ஒரு முழுச் சுற்று நடந்து பாருங்கள். தங்கையைப் படம் எடுக்க நுழைந்த அண்ணன்மார் அடிக்கடி அகப்படுவார்கள்.

ஒலிபெருக்கிப் பாட்டில் குரல் கேட்காது. இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துவதே "ஓடலாம்" என்பதற்கு அடையாளமாக இருக்கட்டும். அதை ஒரே ஒருவர் மட்டும் கொடுக்க வேண்டும். விசில் நிறுத்துவதற்கு மட்டுமே. அதை எவரும் ஊதலாம்.

9. ஓடும்போது

முதல் இரு சுற்றையும் மெதுவாக விட்டு, ஒவ்வொரு முகத்தையும் பாருங்கள். தளர்ந்த பட்டி அந்த இரு சுற்றில் தன்னைக் காட்டிவிடும்.

பிள்ளை எழ முயன்றால், பட்டியில் கை வைத்தால், தலை ஒரு பக்கம் தொங்கினால், துணி பறந்தால், ஓயாமல் அழுதால் நிறுத்துங்கள். நிறுத்துவதென்றால் வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பதுதான். சடுதியாகப் பிறேக் பிடித்தால், முன்னே சறுக்கும் பிள்ளையை நாமே தள்ளிவிட்டதாக ஆகும். வேலிக்குள் ஆள் நுழைந்தாலோ துணி, தலைமயிர் சிக்கினாலோ மட்டும் அவசர நிறுத்தம்.

கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பிற்பகல் வேளையில் வெறுங்கதிரைகளைக் கவனியுங்கள். நிற்கும் ராட்டினத்தில் அவை ஒன்றோடொன்று முட்டத் தொடங்கினால், காற்று அடங்கும்வரை சங்கிலிக் கதிரையை ஓட்ட வேண்டாம்.

மின்சாரம் நின்றால் அல்லது ஜெனரேற்றர் ஓய்ந்தால், ராட்டினம் தன் வேகத்தில் சிறிது நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இருட்டில் பயந்து பட்டியைக் கழற்றுவது அந்த நேரத்தில்தான். டார்ச்சைக் கதிரைகளின் பக்கம் பிடித்து, "இருங்கோ, ஒருத்தரும் கழட்டாதேங்கோ, நாங்கள் வாறம்" என்று தொடர்ந்து குரல் கொடுங்கள்.

10. இறக்குதல்

தட்டு முழுதாக நிற்கும்வரை எவரும் பட்டியைத் தொடக் கூடாது. கடைசி அரைச் சுற்றில் குதிக்கும் பிள்ளைகள் தட்டின் விளிம்பில் கால் இடறி விழுவர். எல்லாக் கதிரையையும் ஒரே நேரத்தில் திறக்காமல், ஒன்றொன்றாகத் திறந்து, பிள்ளையின் கையைப் பிடித்தே இறக்குங்கள்.

உட்செவியில் உள்ள திரவம், உடல் நின்ற பிறகும் சிறிது நேரம் அசைந்துகொண்டிருக்கும். நின்ற பிறகும் உலகம் சுற்றுவதாகப் பிள்ளைக்குத் தோன்றுவது அதனால். எனவே வெளியேறும் வாயில் ஏறும் வாயிலுக்கு வேறாக இருக்க வேண்டும்; அங்கே படி இருந்தால் ஒருவர் நின்று தாங்க வேண்டும். வாந்தி எடுக்கும் பிள்ளையை முன்னே குனிந்து இருக்கச் செய்யுங்கள். படுத்தால் ஒரு பக்கமாகப் படுக்க வையுங்கள்.

இறங்கியவர்களின் எண்ணிக்கை ஏறியவர்களின் எண்ணிக்கையோடு ஒத்த பிறகுதான் அடுத்த வரிசைக்கு வாயிலைத் திறக்க வேண்டும்.

11. விழுந்துவிட்டால்

ராட்டினத்தை நிறுத்துங்கள், மற்றப் பிள்ளைகளை அவரவர் கதிரையிலேயே இருக்கச் சொல்லுங்கள். விழுந்த பிள்ளையைத் தூக்கி ஓட வேண்டாம். கழுத்தோ முதுகெலும்போ அடிபட்டிருந்தால், தூக்குவதாலேயே நிரந்தரப் பாதிப்பு வரலாம். தலையை இரு கைகளாலும் அசையாமல் தாங்கிக்கொண்டு 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. பொலிசுக்கு 119. மூச்சு நின்றிருந்தால் மட்டும், அசைக்கக் கூடாது என்ற விதியை விட மூச்சே முக்கியம். முதலுதவி தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும்.

தலையில் அடிபட்டு எழுந்து நடக்கும் பிள்ளையையும் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் ஆகியவை பல மணி நேரம் கழித்தும் வரலாம் என்று பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லி அனுப்ப வேண்டும்.

அந்தக் கதிரையையும் பட்டியையும் இருந்தபடியே விட்டு வையுங்கள். எப்படிக் கழன்றது என்று பார்க்க அதுவே ஆதாரம்.

12. இரவு மூடும்போது

கொளுவிகளையும் சங்கிலி முனைகளையும் நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்துக் காயவிடுங்கள். இரவு முழுதும் உப்பு ஊறினால் காலைச் சோதனையில் கதிரைகள் ஒவ்வொன்றாகக் கழிய நேரிடும்.

கொப்பியில் அன்றைய ஓட்டங்களின் எண்ணிக்கை, அவசர நிறுத்தத்துக்குப் பிறகு ஓடிய சுற்றுகள், மூடிய கதிரையின் இலக்கம், மூடியதற்கான காரணம் ஆகியவற்றை எழுதுங்கள். சிவப்புத் துணி கட்டிய கதிரையிலிருந்து துணியை அவிழ்க்கும் உரிமை, அதைப் பழுதுபார்த்து அந்தக் கொப்பியில் கையெழுத்து வைத்தவருக்கு மட்டுமே. மறுநாள் மாலை கூட்டம் முட்டி, ஒரு கதிரை குறைகிறதே என்று உரிமையாளர் கேட்டாலும், கையெழுத்து இல்லாமல் அந்தத் துணி அங்கேயே கட்டியபடி இருக்கட்டும்.